றெமிஜியஸ் பூசிய கோயில்

றெமிஜியசை வீட்டுக்குக் கூப்பிட்டால் தேநீரைக் கையில் வாங்குவதற்கு முன்னம் சுவரைத் தட்டிப் பார்ப்பான். நடுவிரலை மடக்கி இரண்டே இரண்டு தட்டு. "வெறும் டிரைவோல் மட்டை அண்ணை, பின்னாலை ஒண்டுமில்லை" என்பான், என்னமோ என் மானத்தைப் பற்றிச் சொல்வதுபோல. ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் இருபத்தாறு வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவன் ஒன்பதாம் மாடி, நான் பதினாலாம் மாடி. இத்தனை வருடத்தில் என் வீட்டுச் சுவர் ஒருநாளாவது அவனிடம் பாஸாகவில்லை. எனக்குப் பொதுவாகவே மூக்கின்மேல் கோபம். "சுவரைத் தின்னவோ வந்தனீ? இருந்து ரோல்ஸைத் தின்னடா" என்று அதட்டிய பிறகுதான் கதிரையில் இருப்பான்.

என் பெயர் கிறிஸ்துநாயகம். தாழைமுனை மக்கள் ஒன்றியத்தின் கனடாக் கிளைச் செயலாளர். அதாவது கூட்டத்துக்குக் கதிரை அடுக்குகிறவன், கூட்டம் முடிந்ததும் எல்லாரிடமும் பேச்சு வாங்குகிறவன். றெமிஜியசைப் பற்றி இப்போது ஸ்காபரோவில் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். எனக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாழைமுனை வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு துண்டு மணல். அந்த மணலின் நுனியில், அலை வந்து போகும் இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி, புனித சந்தியோகுமையோர் கோயில். போர்த்துக்கல்காரரான பறங்கியர் காலத்தில் கட்டியது. கடலுக்குள்ளிருந்து பவளப்பாறையான முருகைக்கல்லை வெட்டி எடுத்து, சிப்பி சுட்ட சுண்ணாம்பில் அடுக்கியிருக்கிறார்கள். சுவர் இரண்டு முழ அகலம். உள்ளே ஒரு தோல், வெளியே ஒரு தோல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் கொட்டி இறுக்கியது. சாயாமலிருக்க வெளிப்புறம் பருத்த முட்டுத்தூண்கள். சனம் நிற்கும் நீண்ட மண்டபத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய வளைவு. ஒரு ஆணிகூட இல்லாமல், கல்லைக் கல் நெருக்கிப் பிடித்து நிற்கும் வளைவு. பிறகு வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை விட்டு வேதம் மாறினவர்கள். கோயிலை உப்பும் புகையிலையும் அடுக்கும் கிட்டங்கி ஆக்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மறுபடியும் பூசை. பிறகு ஒரு புயலில் கூரை போனது. சண்டையில் முன்முகப்பின் ஒரு பக்கம் போனது. சுவர்களும் வளைவும் மட்டும் தங்கள்பாட்டில் நின்றன, ஆடு கட்டவும் வலை காயப்போடவும் உதவிக்கொண்டு.

றெமிஜியஸ் அந்தக் கோயிலுக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்தவன். தகப்பன், பெரியப்பன், மாமன் எல்லாரும் கடலோடிகள். இவனோ வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி எடுக்கிறவன். "உது மீன்பிடிக்க வந்ததோ, மீனுக்குச் சாப்பாடு போட வந்ததோ?" என்று ஊரே சிரித்தது. தகப்பன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு மேசனிடம் சாந்து குழைக்க விட்டார். தொண்ணூறாம் ஆண்டு கனடா வந்தான். மூன்று வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். பிறகு மனுவேல் என்ற போர்த்துக்கல்காரரின் கட்டட வேலையில் சேர்ந்தான். தன் ஊர்க் கோயிலைப் பற்றி இவன் ஒருநாள் வாய்விட, மனுவேல் பிடித்துக்கொண்டார். "எங்கடை ஆக்கள் உனக்குக் கோயில் கட்டித் தந்தவை, அதுக்குப் பதிலா நீ இந்தச் சீமெந்து மூட்டையைத் தூக்கு" என்று முப்பது வருடமாக ஒரே பகிடி. றெமிஜியசும் ஒவ்வொரு முறையும் முதல் தரம் கேட்பதுபோலச் சிரிப்பான். ஒருநாள் லீவு எடுத்தது கிடையாது. மனைவி குணவதிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்றுகூட அரைநாள் வேலைக்குப் போய்விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

சண்டை முடிந்து ஊரில் சனம் மீளக் குடியேறிய பிறகு, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், கோயிலின் படம் ஒன்று வந்தது. சுவரெல்லாம் வெளுத்து, பொருக்குக் கழன்று, இடுக்கெல்லாம் செடி. அதைப் பார்த்து ஒன்றியக் கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத றெமிஜியஸ் எழும்பி, "நான் போறன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு போனான்.

போய் என்ன செய்தான்? தனக்குத் தெரிந்ததைச் செய்தான். கனடாவில் இருபது வருடமாகப் பழகிய சீமெந்தை ஒன்றுக்கு மூன்று என்று கெட்டியாகக் குழைத்து, சுவருக்கு உள்ளும் வெளியும் ஓர் அங்குலத் தடிப்பில் பூசினான். வளைவுக்கும் பூசினான். மேலே மழை போகாத பெயின்ற். வளைவின் உச்சியில் தன் கையாலேயே ஒரு சிலுவை இழுத்தான். திரும்பி வந்தபோது ஆள் பாதி, கறுத்துப்போய், கைவிரல் பத்தும் வெடித்துப்போய். நான் மேடையில் ஏறி, "இன்னும் நானூறு வருசத்துக்கு எங்கடை கோயிலை ஆரும் அசைக்கேலாது" என்று முழங்கி அவனுக்குச் சால்வை போர்த்தினேன். மண்டபம் கைதட்டி ஓயவில்லை. அந்த வெள்ளைக் கோயிலின் படம் இல்லாத தாழைமுனைக்காரர் வீடு இங்கே கிடையாது. அஜக்ஸ் பக்கத்தில் ஒருவர் கார் விடும் கராச்சிலும் மாட்டியிருக்கிறார்.

இந்த வருடம் யூலை மாதக் கடைசியில் கோயில் பெருநாள். சனிக்கிழமை மாலை பூசையில் பதினொரு பிள்ளைகளுக்கு முதன்முதலாக நற்கருணை, அதாவது முதல் நன்மை. வளைவுக்கு நேர் கீழே, வரிசையாக முழந்தாளில் இருத்திக் கொடுப்பதாக ஏற்பாடு. அதில் ஒன்று என் தம்பியின் பேத்தி.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமைதான் இந்தப் பேரிடி. நகரத்துக்குள் நூற்றைம்பது வருடப் பழைய தேவாலயம் ஒன்றைத் திருத்தும் வேலை மனுவேலுக்குக் கிடைத்திருந்தது. செங்கல் கட்டடம். நாற்பது வருடத்துக்கு முன்னம் யாரோ ஒரு புத்திசாலி அதன் ஒரு பக்கத்துக்குச் சீமெந்து பூசியிருந்தான். பார்வைக்குப் புத்தம்புதுசு. றெமிஜியஸ் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். பலகைபோல ஒரு பெரிய துண்டு கழன்று விழுந்தது. பின்னால் செங்கல் இல்லை. தேநீரில் ஊறிய பிஸ்கற்போல ஒரு சிவப்புச் சேறு வழிந்தது.

"பிள்ளை, உதென்ன உது?" என்று மேற்பார்வைக்கு வந்திருந்த பொறியியலாளரைக் கேட்டிருக்கிறான். ஷிவானி என்று சென்னைப் பெண். பழைய கட்டடங்களைத் திருத்துவதுதான் அவளுடைய படிப்பு.

"சிமென்ட் பண்ற வேலைதான் அங்கிள். பழைய சுவர் மூச்சு விடும். ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தா வெளிய விட்டுடும். சுண்ணாம்பு அதுக்கு வழி விடும். சிமென்ட் விடாது. ஈரமும் உப்பும் உள்ளயே மாட்டிக்கும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள எல்லாம் மாவாப் போயிடும்."

றெமிஜியஸ் உளியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்து, கைபேசியில் கோயில் படத்தை எடுத்துக் காட்டினான். அவள் முதலில், "ரொம்ப அழகா இருக்கே" என்றாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இது என்ன கல்லு?"

"முருகைக்கல்லு."

"கடல் எவ்வளவு தூரம்?"

"ஐம்பது அடி."

"யாரு அங்கிள் இதுக்கு சிமென்ட் பூசினது?"

அவன் கைபேசியை வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு என் கதவைத் தட்டினான். வேலை உடுப்பில் நிற்கிறான், ஆனால் வேலைக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். நான் என்ன செய்தேன்? மனிசனாக ஆறுதல் சொன்னேனா? இல்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"உனக்கென்ன விசரோ? செங்கல்லும் முருகைக்கல்லும் ஒண்டோ? நேற்றுப் பிறந்த பெட்டை ஒண்டு படத்தைப் பாத்துச் சொல்லுறாளாம், இவர் நடுங்கிறாராம்! பெருநாளுக்கு மூண்டு நாள் கிடக்கு. நான் போய் ஆரட்டை என்னெண்டு சொல்லுறது?"

"அண்ணை, சீமோனுக்கு ஒருக்கா போன் அடியுங்கோ" என்றான். அவ்வளவுதான்.

சீமோன் ஊரில் கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர். இங்கே காலை ஏழு மணி, அங்கே பின்னேரம் நாலரை. வட்சப்பில் அவன் முகம் வந்தது. பின்னால் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். றெமிஜியசைக் கண்டதும், "அண்ணை! உங்கடை சுவர் மலை மாதிரி நிக்குது, வந்து பாருங்கோ!" என்று கத்தினான்.

"சீமோன், ஒரு சின்னச் சுத்தியல் எடு. வளைவின்ரை காலடியிலை இருந்து மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு மேலை போ. போனைச் சுவரோடை பிடி."

சீமோன் சிரித்துக்கொண்டே தட்டினான். டொக். டொக். டொக். அடிப்பக்கம் இறுக்கமாகவே கேட்டது. நான் றெமிஜியசைப் பார்த்து, "பாத்தியா?" என்றேன். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. டொம். டொம். வெறும் பெட்டியைத் தட்டுவதுபோல. இடுப்பு உயரம், டொம். நெஞ்சு உயரம், டொம். றெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். உதடு மட்டும் ஒவ்வொரு தட்டையும் எண்ணியது.

"இடுப்பு உயரத்திலை ஒரு கையளவு உடை" என்றான்.

"ஐயோ அண்ணை, பெயின்ற் அடிச்சு ரெண்டு நாள்தான். பெருநாள் நேரம் கோயிலை உடைச்சா சனம் என்னை உடைக்கும்."

"பூசினது நான். உடையெண்டும் நான்தான் சொல்லுறன். உடை!"

இத்தனை வருடத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சீமோன் உடைத்தான். சீமெந்து ஓடு கழன்றது. அதன் பின்னாலிருந்து வெள்ளை மா கொட்டத் தொடங்கியது. அரிசிமாச் சாக்கு கிழிந்தால் கொட்டுமே, அப்படி. ஒரு பிடி, இரண்டு பிடி என்று பார்த்தேன். நிற்கவில்லை. சீமோனின் கால் மறையும் அளவுக்குக் கொட்டியது. தோரணம் கட்டிக்கொண்டு நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சீமோன் துளைக்குள் கையை விட்டான். முழங்கை வரை போனது. பிறகு தோள் வரை போனது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணை, உள்ளை ஒண்டுமில்லை" என்றான்.

மாதாவே! பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் சனத்தைக் கூட்டிக் கொண்டுபோய் அதற்குக் கீழேதானே நிறுத்தினோம்!

றெமிஜியஸ் ஷிவானிக்குப் போன் எடுத்தான். அந்தப் பிள்ளை படுக்கையிலிருந்து எழும்பி வந்து கதைத்தாள். துளையின் படத்தைப் பார்த்ததும் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

"இனிமே அதைத் தொடாதீங்க அங்கிள். சிமென்டைக் கழட்டவும் வேண்டாம். இப்ப அந்த ஓடுதான் நிக்குது, சுவர் இல்ல. யாரையும் உள்ள விடாதீங்க, ப்ளீஸ்."

ஊர்ப் பங்குச் சுவாமியாரிடம் சொல்லி இடத்தை மாற்றவேண்டும். அது செயலாளரின் வேலை. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. மேடையில் முழங்கியவன் நான் அல்லவா? "தளம் சரியில்லை, மணலிலை வைப்பம் எண்டு பொதுவாச் சொல்லுவம். உன்ரை பேரை இழுக்கத் தேவையில்லை" என்றேன். அவனுக்காகச் சொல்வதுபோல எனக்காகத்தான் சொன்னேன்.

"பொதுவாச் சொன்னா ஆரும் கேளாங்கள் அண்ணை. வளைவுக்குக் கீழைதான் வேணுமெண்டு நிப்பாங்கள்" என்றான். பிறகு என் மேசையிலேயே கைபேசியை வைத்து, ஊர் வட்சப் குறூப்புக்குக் குரல் பதிவு செய்தான்.

"தாழைமுனைச் சனத்துக்கு றெமிஜியஸ் கதைக்கிறன். கோயில் சுவரைப் பழுதாக்கினது நான்தான். சீமெந்து பூசியிருக்கக் கூடாது. எனக்கு அப்ப தெரியாது. சுவர் உள்ளுக்குள்ளை செத்துப்போச்சு. தயவுசெய்து பிள்ளையளை உள்ளை கொண்டு போகாதேங்கோ. பிழை என்ரை. கும்பிட்டுக் கேக்கிறன்."

சுவாமியார் நல்ல மனிசர். ஒரு கேள்வியும் கேட்காமல் பூசையைக் கடற்கரை மணலுக்கு மாற்றினார். ஆனால் குறூப்பில் வந்து விழுந்ததை எழுதக் கை கூசுகிறது. "கனடாக்காரருக்குப் புதுசா ஞானம் பிறந்திட்டுது." "தன்ரை பேரை இன்னொருக்காப் பெருசாக்கப் பாக்கிறார்." "பிள்ளையளின்ரை முதல் நன்மையைக் கெடுத்த பாவம் சும்மா விடாது." என் சொந்தத் தம்பியே எனக்குப் போன் எடுத்துக் கத்தினான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் கட்டடத்தின் பார்ட்டி றூமில் கூடினோம். ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். யூடியூப் நேரலையைப் பெரிய ரிவியில் போட்டு, பால்தேநீரும் ரோல்சும் வைத்து, ஊர்ப் பெருநாளை இங்கிருந்து பார்ப்போம். றெமிஜியசும் குணவதியும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மூன்று கதிரை காலி. யாரும் போய் இருக்கவில்லை. நானும் முன்வரிசையில்தான் இருந்தேன், சொல்லத்தானே வேண்டும்.

பூசை மணலில் நடந்தது. பிள்ளைகளின் வெள்ளை உடுப்பெல்லாம் காற்றில் பறந்தது, மெழுகுதிரி ஒன்றும் நின்று எரியவில்லை. பின்னால் கோயில் வெள்ளை வெளேரென்று அசையாமல் நின்றது, உடைந்த முகப்பினூடாக வளைவும் தெரிந்தது. ஒரு அன்ரி எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "உந்த வடிவான கோயிலை விட்டிட்டு வெயிலுக்கை பிள்ளையளை வாட்டுறாங்கள்" என்றார். றெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

பூசை முடிந்து சந்தியோகுமையோரின் சுருபத்தைத் தோளில் தூக்கினார்கள். வழக்கம்போல வெடி கொளுத்தினார்கள். முதல் வெடி. இரண்டாம் வெடி. மூன்றாவது வெடியோடு வளைவின் உச்சியில் அவன் இழுத்த சிலுவை இரண்டாகப் பிளந்தது. முதலில் ஒரு கோடுதான். அடுத்த கணம் வளைவு முழுவதும் உட்கார்ந்தது. ஆம், விழவில்லை, களைத்த மனிசன்போல அப்படியே உட்கார்ந்தது. அதன் பின்னால் வலப்பக்கச் சுவர், அதன் பின்னால் இடப்பக்கச் சுவர். சத்தம் பிறகுதான் வந்தது. திரை முழுவதும் வெள்ளைப் புழுதி.

பார்ட்டி றூமில் யாரோ தேநீர்க் கோப்பையைக் கை தவற விட்டார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புழுதிக்குள்ளிருந்து பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது. "எண்ணு! பிள்ளையளை எண்ணு!" என்று என் வாய் ரிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. பதினொரு பேரும் மணலில் சுவாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. என் தம்பியின் பேத்தி புழுதியில் தலை நரைத்து நின்றாள். சற்று முன்னம் வாய் காட்டிய அன்ரி எழும்பிப் போய், றெமிஜியசின் பக்கத்துக் காலிக் கதிரையில் இருந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பிறகு ஆளாளுக்குப் போனார்கள். "நீதான் பிள்ளையளைக் காப்பாத்தினாய்" என்றார்கள். நானும் போனேன். அவன் யாரையும் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரை மணித்தியாலத்தில் சீமோன் போன் எடுத்தான். மூச்சிரைக்க ஓடி ஓடிக் கதைத்தான்.

"அண்ணை, எல்லாம் போகேல்லை! பீடத்துப் பின்சுவர் நிக்குது! பாருங்கோ!"

கைபேசியைத் திருப்பிக் காட்டினான். புழுதி அடங்கிய இடத்தில் ஒரு சுவர் தனியே நின்றது. கறுத்து, பாசி பிடித்து, இடுக்கில் ஒரு செடியோடு. அப்படி ஒரு சுவரை எங்கள் படங்களில் நான் கண்டதே இல்லை.

"அதுதான் அண்ணை, உங்கடை கடைசிக் கிழமை சீமெந்து முடிஞ்சு போச்சே. பிளேனுக்கு நேரமாகுது எண்டு நீலத் துணியைக் கட்டி மறைச்சிட்டு வெளிக்கிட்டனீங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதை, வெக்கமாக் கிடக்கு எண்டனீங்கள். நான் இண்டு வரைக்கும் சொல்லேல்லை." சீமோன் சுவரைக் கையால் ஓங்கி அடித்துக் காட்டினான். டொக் என்று இறுக்கமாகக் கேட்டது. "இரும்பு மாதிரி இருக்கு அண்ணை. நீங்கள் தொடாத பக்கம் ஒரு கல்லுக்கூட அசையேல்லை!"

சந்தோஷத்தில்தான் சொன்னான், பாவம்.

றெமிஜியஸ் கைபேசியை என்னிடம் நீட்டினான். "அண்ணை, நான் போகாமலே இருந்திருக்கலாம்" என்றான்.

நான் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, கடைசி வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.